செலடன் நகரின் ஸ்லாட் மெஷின் கூடம்

போக்கிமான் ரெட், புளூ ஆட்டங்களில் செலடன் நகரம் வரை வந்துவிட்டீர்கள் என்றால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும். அதைக் கரைப்பதற்கென்றே இந்த ஊரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று பல மாடிக் கடை. அதற்குத் தனி வழிகாட்டி வேண்டாம். இன்னொன்று ராக்கெட் கேம் கார்னர் என்ற ஸ்லாட் மெஷின் கூடம். இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடம் சூதாட்ட விடுதி போலத் தெரிந்தாலும் அதைக் கடையாக நினைத்துக்கொண்டு நுழைந்தால்தான் லாபம். பரிசுகளுக்கு விலை எழுதி வைத்திருக்கிறார்கள், காயினுக்கும் விலை எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் சுழலும் மூன்று சக்கரங்கள் பொழுதுபோக்குக்கு மட்டும். கேமுக்குள் புழங்கும் பணத்தை இந்த அத்தியாயம் முழுக்க வெறும் ‘பணம்’ என்றே எழுதுகிறேன். 1,000 பணத்துக்கு 50 காயின், அதாவது ஒரு காயின் 20 பணம். ஒரு முறை காயினாக மாற்றியதைத் திரும்பப் பணமாக்க வழியே இல்லை. கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் இதுதான் அடிப்படை.

காயின் பெட்டியை வாங்குவது

காயின் கேஸ் என்ற பெட்டி இல்லாமல் கூடத்தில் ஒரு வேலையும் நடக்காது. மெஷின் ஓடாது, கவுன்டரில் காயின் தரமாட்டார்கள், தரையில் கிடப்பதைக் கூடப் பொறுக்க முடியாது.

1. கூடத்திலிருந்து தெற்கே இறங்கினால் ஊரின் கீழ் வரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. உள்ளே போங்கள்.

2. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஸ்லாட் மெஷினில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பார். அவரிடம் பேசுங்கள்.

3. இனி தனக்கு வேண்டாம் என்று பெட்டியை உங்களிடம் தந்துவிடுவார். காசு கிடையாது.

4. ஐட்டம் பையில் ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இந்த ஆட்டங்களில் பையில் 20 வகைப் பொருள்தான் கொள்ளும். நிறைந்திருந்தால் முதலில் போக்கிமான் சென்டரில் உள்ள கம்ப்யூட்டரில் எதையாவது போட்டுவிட்டு வாருங்கள்.

கூடம் எப்படிப்பட்டது என்பதை இந்த மனிதரைக் கொண்டே சொல்லிவிட்டார்கள். அப்படியும் பெட்டியை வாங்கிய கையோடு மெஷினைப் பார்த்து ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

சும்மா கிடைக்கும் காயின்

கவுன்டரில் ஒரு காசு கூடக் கொடுப்பதற்கு முன்னால் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

1. மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் எல்லோரிடமும் பேசுங்கள். மூன்று பேர் தங்களிடம் உள்ளதில் கொஞ்சம் தருவார்கள்: ஒருவர் 10, மற்ற இருவர் தலைக்கு 20. மொத்தம் 50. ஒருவர் ஒரு முறைதான் தருவார்.

2. பிறகு தரையைப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மெஷின் வரிசைகளுக்கு இடையே உள்ள நடைபாதையில் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, எதிரே உள்ள காலிக் கட்டத்தைப் பார்த்தபடி ஏ பட்டனை அழுத்துங்கள். பல இடங்களில் 10, சில இடங்களில் 20, ஒரே ஓர் இடத்தில் 100 காயின் கிடக்கிறது.

3. அவசரப்படாமல் வரிசை வரிசையாகப் போனால் தரையிலிருந்து மட்டும் 200 காயினுக்கு மேல் தேறும்.

குறிப்பு: ஒரு கட்டத்தைத் தாண்டி அடுத்ததில் அழுத்துவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. திசைப் பட்டனைத் தட்டினால் பாத்திரம் நகராமல் முகத்தை மட்டும் திருப்பும், அழுத்திப் பிடித்தால் நடந்துவிடும். எனவே மெல்லத் தட்டி, திரும்பி, ஏ அழுத்துங்கள்.

இது சலிப்பான வேலைதான். ஆனால் இந்தக் கூடத்தில் செலவே இல்லாமல் வரவு வரும் இடம் இது ஒன்றுதான். பொறுக்கிய காயினைக் கொண்டு உடனே வாங்கக்கூடிய ஒரு பரிசும் உண்டு: ஆப்ரா. ரெட்டில் 180 காயின், புளூவில் 120. வடக்கே 24, 25ஆம் எண் பாதைகளில் புல்லுக்குள் ஆப்ராவைத் துரத்தியவர்களுக்குத் தெரியும், எதிரில் வந்த நொடியே டெலிபோர்ட் போட்டு மறைந்துவிடும். அங்கே பிடிக்கத் தவறியவர்கள் இங்கே ஓசியில் பெற்றுக்கொள்ளலாம்.

மெஷின் முன் உட்காருவது

ஆடித்தான் பார்ப்பேன் என்கிறீர்களா, சரி. ஒழுங்காக ஆடுங்கள்.

1. முதலில் ஆட்டத்தை சேவ் செய்யுங்கள். மெஷினில் உட்கார்ந்த பிறகு சேவ் செய்ய முடியாது, முன்பே செய்துவிட வேண்டும்.

2. எத்தனை காயினோடு எழுந்திருப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மேலேயும் ஒரு வரம்பு, கீழேயும் ஒரு வரம்பு. தாளில் எழுதி வைப்பது நல்லது.

3. காலி மெஷினைத் தேடுங்கள். எல்லாம் ஓடாது. ஒன்று பழுது, ஒன்றில் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார், ஒன்றின் மேல் யாரோ சாவியை வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப அழுத்தினாலும் அவை திறக்கப் போவதில்லை.

4. எத்தனை காயின் போடுவது என்று கேட்கும். ஒன்று போட்டால் நடு வரிசை மட்டும் கணக்கு. இரண்டு போட்டால் மேல், நடு, கீழ் என மூன்று வரிசை. மூன்று போட்டால் இரண்டு மூலைவிட்டங்களும் சேர்ந்து ஐந்து கோடுகள்.

5. எப்போதும் மூன்று போடுங்கள். ஒரு காயின் போட்டுக் கஞ்சத்தனம் செய்தால் கண்ணெதிரே மேல் வரிசையில் மூன்று படம் சேர்ந்து நிற்கும், ஒன்றும் வராது.

6. சக்கரங்கள் சுழல ஆரம்பித்ததும் ஏ பட்டனை ஒரு முறை அழுத்தினால் இடது சக்கரம் நிற்கும், அடுத்து நடு, கடைசியாக வலது. மூன்றையும் நீங்கள்தான் நிறுத்த வேண்டும். ஜப்பானில் ஓடும் பச்சிஸ்லோ மெஷின்களிலும் சக்கரத்துக்கு ஒரு நிறுத்து பட்டன் உண்டு.

7. முதல் சக்கரத்தில் 7 தெரியும்படி நிறுத்துங்கள். இரண்டாவதில் அதே கோட்டில் இன்னொரு 7 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தச் சுற்றில் 7ஐ மறந்துவிட்டு, சேர்ந்து நிற்கும் வேறு படத்துக்குக் குறி வையுங்கள்.

மூன்று படமும் ஒரே கோட்டில் சேர்ந்தால் கிடைப்பது இவ்வளவு:

7: 300 காயின்
பார்: 100 காயின்
மீன், பறவை, எலி படங்கள்: 15 காயின்
செர்ரி: 8 காயின்

50 காயினை மூன்று மூன்றாகப் போட்டால் 16 சுற்று வரும், இரண்டு மிஞ்சும். ஒன்றுமே விழாவிட்டால் 1,000 பணம் அந்த 16 சுற்றோடு சரி.

மெஷின் எப்படி நழுவுகிறது

தத்துவம் அதிகம் வேண்டாம், ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆடினால் உங்கள் விரலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போதே அந்தச் சுற்றில் உங்களை ஜெயிக்க விடலாமா என்பதை ஆட்டத்தின் நிரல் முடிவு செய்துவிடுகிறது. விடக்கூடாது என்று முடிவானால், நீங்கள் எவ்வளவு துல்லியமாக அழுத்தினாலும் கடைசிச் சக்கரம் ஒரு படம் தள்ளிப் போய் நிற்கும். பெரும்பாலான சுற்றுகள் இந்த வகைதான். சிறு பரிசுக்கு அனுமதி கிடைத்த சுற்றிலும் 7, பார் இரண்டுக்கும் தனி அனுமதி வேண்டும். அது இல்லாவிட்டால் 7 வரிசையாகச் சேரும் தறுவாயில் சக்கரம் வழுக்கும்.

எனவே விரல் வேகம் பயன்படும் இடம் மிகக் குறுகியது. அனுமதி உள்ள சுற்றில் குறி தவறாமல் இருப்பதற்கு மட்டும் அது உதவும். இந்தச் சுற்று எந்த வகை என்று உங்களுக்கு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் எல்லாச் சுற்றிலும் ஒழுங்காகவே குறி வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு செய்தி. நீங்கள் கூடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் நிரல் ஏதோ ஒரு மெஷினை அதிர்ஷ்ட மெஷினாகத் தேர்ந்தெடுக்கிறது. அதில் மட்டும் 7, பார் விழும் வாய்ப்பு மற்றவற்றை விடச் சற்றுக் கூடுதல். அது எது என்று வெளியில் எந்த அடையாளமும் இல்லை.

• ஒரு மெஷினில் 7 அல்லது பார் விழுந்தால் அதை விட்டு எழாதீர்கள். கூடத்தை விட்டு வெளியே போகாதீர்கள். போய்த் திரும்பினால் அதிர்ஷ்டம் வேறு மெஷினுக்கு மாறியிருக்கும்.

• நேற்று நன்றாகக் கொடுத்த மெஷின் இன்றும் கொடுக்கும் என்று நம்பாதீர்கள். ‘இடமிருந்து மூன்றாவது மெஷின்தான் ராசி’ என்று பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சொல்லி வரும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் உண்டு. அவரை நம்ப வேண்டாம்.

• நெடுநேரம் தோற்றதால் அடுத்து விழுந்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் தோற்ற கணக்கை மெஷின் எங்கும் எழுதி வைப்பதில்லை.

• எமுலேட்டரில் வேகத்தைக் கூட்டி ஆடினால் சக்கரப் படங்கள் கண்ணில் பிடிபடாது. கவுன்டரில் காயின் வாங்கும்போது வேகத்தைக் கூட்டுங்கள், சக்கரம் சுழலும்போது குறையுங்கள்.

கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் எழுந்துவிடுங்கள். சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம்தான், கேமுக்குள் அது குற்றமில்லை. ஆனால் தோற்ற ஒவ்வொரு முறையும் அணைத்துப் போடுவதில் போகும் நேரத்தில் அந்தக் காயினைச் சம்பாதித்தே வாங்கிவிடலாம். அந்தக் கணக்கு பின்னால் வருகிறது.

சுவரொட்டியை மறக்காதீர்கள்

கூடத்தின் பின்சுவரில் ஒரு சுவரொட்டி, அதற்கு முன்னால் ஒரு டீம் ராக்கெட் ஆள். கதையை நகர்த்த அவனைத் தோற்கடித்தாக வேண்டும். அவன் ஓடியதும் சுவரொட்டியைப் பார்த்து ஏ அழுத்துங்கள். பின்னால் ஒளிந்திருக்கும் சுவிட்ச் கீழே போகும் படிக்கட்டைத் திறக்கும். அடியில் நான்கு தளம், கடைசியில் அந்தக் கும்பலின் தலைவர் ஜியோவானி. அவரைத் தோற்கடித்தால் சில்ஃப் ஸ்கோப் கிடைக்கும். அது இல்லாமல் லாவெண்டர் ஊரின் கோபுரத்தில் பேய்களை அடையாளம் காண முடியாது.

இறங்குவதற்கு முன் போக்கிமான்களுக்குச் சிகிச்சை முடித்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்க வேண்டிய பணத்தை மேலே காயினாக மாற்றிவிட்டுக் கீழே போய்த் தவிப்பவர்கள் நிறைய. வேடிக்கை என்னவென்றால், அடித்தளத்தில் இருந்த கும்பலையே விரட்டிய பிறகும் மேலே கூடம் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எதை வாங்கலாம், எதை வேண்டாம்

பரிசுகள் கூடத்துக்குள் இல்லை. ஒட்டினாற்போல வலப்பக்கத்தில் உள்ள தனிக் கட்டடத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானின் பச்சிங்கோ கூடங்களிலும் ஆடும் இடம் ஒன்று, பரிசைப் பணமாக்கும் ஜன்னல் வேறொன்று. கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய இந்த ஆட்டம் 1996இல் முதலில் வெளிவந்தது ஜப்பானில்தான் என்பதால், அந்த நாட்டுச் சிறுவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் புதுமை எதுவும் இருந்திருக்காது.

ரெட் விலைகள்: ஆப்ரா 180, கிளெஃபேரி 500, நிடோரினா 1,200, ட்ராட்டினி 2,800, சைதர் 5,500, போரிகான் 9,999.

புளூ விலைகள்: ஆப்ரா 120, கிளெஃபேரி 750, நிடோரினோ 1,200, பின்சர் 2,500, ட்ராட்டினி 4,600, போரிகான் 6,500.

இந்தப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். கிளெஃபேரி மூன் மலைக் குகையில் அலைகிறது. சைதர் ரெட்டின் சஃபாரி ஜோனிலும், பின்சர் புளூவின் சஃபாரி ஜோனிலும் கிடைக்கும். ட்ராட்டினியையும் அங்கேயே சூப்பர் ராட் தூண்டிலால் பிடிக்கலாம். சஃபாரிக்கு நுழைவுக் கட்டணம் 500 பணம். ரெட்டில் சைதரை இங்கே வாங்கினால் 5,500 காயின், அதாவது 1,10,000 பணம். பொறுமை உள்ளவருக்கு இது வீண் செலவு.

வேறெங்கும் கிடைக்காதது போரிகான் மட்டும். போக்கிடெக்ஸை நிரப்ப வேண்டுமானால் அதை இங்கே வாங்கித்தான் ஆக வேண்டும். சண்டைக்கு அதை நம்பி வாங்காதீர்கள், இந்த விலைக்கு அது அப்படியொன்றும் பலசாலி இல்லை. பட்டியலில் ஓர் இடத்தை நிரப்புவதற்கான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போக்கிமானுக்குப் புது வித்தை கற்றுத் தரும் டிஎம் பிரிவில் மூன்று உண்டு: டிராகன் ரேஜ் 3,300, ஹைப்பர் பீம் 5,500, சப்ஸ்டிட்யூட் 7,700. இந்த ஆட்டங்களில் ஒரு டிஎம்மை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். மூன்றில் நான் கைகாட்டுவது ஹைப்பர் பீமை. அடித்த அடியில் எதிரி விழுந்துவிட்டால் அடுத்த முறை ஓய்வெடுக்க வேண்டாம் என்பது ரெட், புளூவில் உள்ள சலுகை. மற்ற இரண்டையும் விட்டுவிடலாம்.

போரிகானுக்குப் பணம் சேர்ப்பது

1. முதல் வருகையில் போரிகானை நினைக்கவே வேண்டாம். ரெட், புளூவில் வழியில் நிற்கும் பயிற்சியாளர்களோடு ஒரு முறைதான் மோத முடியும், அவர்கள் தரும் பணம் மருந்துக்கும் பந்துக்கும் சரியாகிவிடும்.

2. செலடனுக்கு மேற்கே 16ஆம் எண் பாதையில் ஒரு வீட்டில் ஃப்ளை கிடைக்கும். அங்கே போகக் கட் தெரிந்த போக்கிமான் வேண்டும். இதை வாங்கிவிட்டால் பின்னால் திரும்பி வருவது எளிது.

3. கதையை முடித்து எலைட் ஃபோர் வரை போங்கள். அவர்களோடு எத்தனை முறை வேண்டுமானாலும் மோதலாம். லோரலை 5,544, புரூனோ 5,742, அகதா 5,940, லான்ஸ் 6,138, கடைசியில் உங்கள் போட்டியாளன் 6,435. ஒரு முழுச் சுற்றுக்கு 29,799 பணம்.

4. புளூவில் 6,500 காயினுக்கு 1,30,000 பணம் வேண்டும். ஐந்து சுற்று போதும், மருந்துச் செலவு போகவும் மிஞ்சும். ரெட்டில் ஏறத்தாழ 2,00,000 பணம், எனவே ஏழு சுற்று.

5. பணத்தோடு செலடனுக்குப் பறந்து வந்து கவுன்டரில் நில்லுங்கள். அந்தப் பெண் ஒரு தடவைக்கு 50 காயின்தான் தருவார். பேசு, ஆம், நன்றி, மறுபடியும் பேசு என்று புளூவில் 130 தடவை, ரெட்டில் 200 தடவை. இதற்குக் குறுக்கு வழி இல்லை. பாட்டைப் போட்டுவிட்டு அழுத்துங்கள்.

பெட்டியில் 9,999 காயினுக்கு மேல் கொள்ளாது. ரெட்டில் போரிகானின் விலையும் அதுவேதான், எனவே சேர்க்கிற வரைக்கும் வேறு எதையும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பு

• பரிசு போக்கிமானை வாங்கும் முன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பெட்டியில் 20 போக்கிமான்தான் அடங்கும், நிறைந்தால் அடுத்த பெட்டிக்குத் தானாக மாறாது. நீங்கள்தான் மாற்ற வேண்டும். கூட வரும் அணியில் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

• பழைய கேம் பாய் கேட்ரிட்ஜில் ஆடுபவர்களுக்கு: சேவ் செய்த விவரம் உள்ளே உள்ள சிறு பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. பழைய கேட்ரிட்ஜில் அது எப்போது வேண்டுமானாலும் தீரலாம். பழைய கேட்ரிட்ஜ் வாங்கினால் ஆட ஆரம்பித்து, சேவ் செய்து, அணைத்து, மறுநாள் சேவ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போங்கள். இருநூறு தடவை கவுன்டரில் அழுத்திய பிறகு பேட்டரி தீர்ந்தால் ஆறுதல் சொல்ல ஆளிருக்காது.

• சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கேம் பாயை அணைக்கவே கூடாது.

• இந்தக் கூடத்தில் நிஜப் பணம் எங்கும் நுழைவதில்லை. போக்கிமான் காயினை நிஜப் பணத்துக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. வீட்டில் சிறு பிள்ளைகள் ஆடினால், மெஷின் நழுவுவதைப் பற்றி மேலே எழுதியதை அவர்களுக்கு ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.

வேறு பதிப்பு வைத்திருப்பவருக்கு

2004இல் வந்த ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் கூடம் அதே இடத்தில் இருக்கிறது, போரிகான் விலையும் முறையே அதேதான். ஆனால் வசதி கூடியிருக்கிறது. 10,000 பணம் கொடுத்து ஒரே தடவையில் 500 காயின் வாங்கலாம். செர்ரி ஒன்று நின்றாலே 2 காயின், இரண்டு நின்றால் 6. இங்கே கண் வைக்க வேண்டியது டிஎம் பட்டியலில்: ஐஸ் பீம், தண்டர்போல்ட், ஃப்ளேம்த்ரோயர் மூன்றும் தலைக்கு 4,000 காயின், ஷேடோ பால் 4,500. பணத்துக்கு, 40 வகை போக்கிமானைப் பிடித்த பிறகு 16ஆம் எண் பாதையில் பேராசிரியர் ஓக்கின் உதவியாளர் தரும் அமியூலட் காயினை சண்டையில் இறங்கும் போக்கிமானிடம் கொடுங்கள். பரிசுப் பணம் இரட்டிப்பாகும்.

ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் வைத்திருப்பவர்கள் ஜப்பானியப் பதிப்பில் ஆடினால் ஒழிய மெஷினையே காண மாட்டார்கள். மற்ற நாடுகளுக்கான பதிப்புகளில் அதை எடுத்துவிட்டு வோல்டார்ப் ஃபிளிப் என்ற சீட்டாட்டத்தை வைத்துவிட்டார்கள். காயினைப் பணத்துக்கு வாங்கவும் முடியாது. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் 1, 2, 3 அல்லது வெடிக்கும் வோல்டார்ப் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் எண்களின் கூட்டுத்தொகையும் வோல்டார்ப் எத்தனை என்பதும் எழுதியிருக்கும். ஆடும் வரிசை இது:

1. வோல்டார்ப் பூஜ்யம் என்றிருக்கும் வரிசைகளை முழுக்கத் திறந்துவிடுங்கள்.

2. கூட்டுத்தொகையையும் வோல்டார்ப் எண்ணையும் கூட்டிப் பாருங்கள். 5 வந்தால் அந்த வரிசையில் 1, வோல்டார்ப் இரண்டையும் தவிர எதுவும் இல்லை. அதைத் தொடவே வேண்டாம்.

3. மிச்சத்தில் வோல்டார்ப் குறைவாகவும் கூட்டுத்தொகை அதிகமாகவும் உள்ள வரிசையும் நெடுக்கையும் சந்திக்கும் கட்டத்தைத் திறங்கள். சந்தேகமான கட்டங்களில் மெமோ குறி போட்டுக்கொள்ளுங்கள்.

4. 2, 3 எல்லாம் திறந்துவிட்டால் சுற்று முடிந்து அடுத்த லெவல் வரும். நடுவில் வோல்டார்ப் வெடித்தால் அந்தச் சுற்றின் காயின் போய்விடும், லெவலும் இறங்கக்கூடும். ஊகிக்க மட்டுமே முடியும் என்ற நிலை வந்துவிட்டால், கையில் உள்ளது போதும் என்றால் விலகிக்கொள்ளுங்கள். அதுவரை சேர்த்த காயின் உங்களுக்கே.